கப்பலேறும் முன்னிரவில் தங்குமிடம்

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்குக் கடல் அண்டை வீட்டுப் பொருள் அன்று. ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த இந்நகரிலிருந்து எத்திசையில் இறங்கினாலும் கடலைக் காண ஒரு பகலோ ஓர் இரவோ பிரயாணம் செய்தாக வேண்டும். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் நம்மவர் பலர் கப்பலை நேரில் கண்டதில்லை. ஆயினும் அண்மைக் காலத்தில் கப்பற் பிரயாண ஆர்வம் நம்மிடையே பரவி வருகிறது. ஓய்வுபெற்ற தம்பதியர் உல்லாசக் கப்பலில் மூன்று நாட்கள் சென்று வருகின்றனர். அந்தமானில் உறவினரை உடையவர்கள் விமானத்தை விடுத்துக் கடல்வழியே போக விரும்புகின்றனர்.

இவ்வாறு புறப்படுவோர் கப்பலில் எந்த அறை வேண்டும், சாளரம் கடலை நோக்கியிருக்குமா, சைவ உணவு கிடைக்குமா என்றெல்லாம் பலநாள் ஆராய்கின்றனர். கப்பலேறுவதற்கு முந்திய இரவை எங்கே கழிப்பது என்பதை மட்டும் கடைசி நேரத்துக்கு விட்டுவிடுகின்றனர். இன்று நாம் அந்த ஓர் இரவைப் பற்றியே பேச எண்ணுகிறோம்.

ரயிலைத் தவறவிட்டவனுக்கு அடுத்த ரயில் உண்டு. கப்பலைத் தவறவிட்டவனுக்கு அன்று வேறு கப்பல் இல்லை; கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்புவதில்லை. கப்பல் புறப்படும் நேரம் என்று சீட்டில் காண்பது நாம் துறைமுகத்தை அடைய வேண்டிய நேரமன்று. அதற்குச் சில மணி முன்னரே பயணிகளின் பதிவு முடிந்துவிடும். பெட்டிகளைச் சோதிக்க வேண்டும். அடையாளச் சீட்டுக்களைப் பார்க்க வேண்டும். இலங்கை முதலிய அயல்நாட்டுத் துறைகளைத் தொடும் கப்பலாயின் குடியகல்வு அதிகாரிகளின் முத்திரையும் வேண்டும். ஆதலின் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பவர் நோக்கவேண்டிய முதற்பொருள் அறையின் அழகன்று. துறைமுக வாயிலுக்கும் அறைக்கும் இடையே உள்ள வழி.

நமக்கு இயல்பான துறைமுகம் சென்னையே. பெங்களூர் தண்டிலிருந்து ஜோலார்பேட்டைக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1864ஆம் ஆண்டில். அன்று முதல் இந்நகரத் தமிழர் கடலை அடையும் வழி அதுவாகவே இருந்து வருகிறது. 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தமிழர்களை ஏற்றிச் சென்றது. அதன் பின்னர் எம்.வி. சிதம்பரம் அவ்வழியில் ஓடியது. 1985இல் அக்கப்பலில் நேர்ந்த தீவிபத்தோடு அப்போக்குவரத்து முடிவுற்றது. அந்நாளில் ஊர்களிலிருந்து வந்தோர்க்குச் சென்டிரல் நிலையத்தின் எதிரே ராமசாமி முதலியார் கட்டுவித்த சத்திரம் நிழல் கொடுத்தது. கப்பலுக்குச் செல்பவர் ரயிலடிக்கு அருகிலேயே தங்கவேண்டும் என்ற உண்மையை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

இன்று கப்பல்களின் இயல்பு மாறிவிட்டது. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. மறு ஆண்டு ஜூனில் அதே கப்பல் இலங்கைக்குச் சென்றது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அது தொட்ட துறைகள். இத்தகைய கப்பல்கள் ஆண்டு முழுதும் ஒரே துறையிலிருந்து புறப்படுவதில்லை என்பதை நேயர்கள் நினைவிற் கொள்வது நல்லது.

சென்னைத் துறைமுகம் ராஜாஜி சாலையை ஒட்டிக் கிடக்கிறது. கடற்கரை ரயில் நிலையம் அதன் எதிரிலேயே உள்ளது. சென்டிரல் நிலையத்திலிருந்து அங்கே செல்லும் தூரம் மூன்று கிலோமீட்டர் அளவே. எனவே சென்டிரல், எழும்பூர், பாரிமுனை ஆகிய மூன்று இடங்களையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைந்துகொண்டால், அதற்குள் தங்குபவர் அச்சமின்றி உறங்கலாம். பெரியமேடு, வால்டாக்ஸ் சாலை, எழும்பூரில் கென்னட் சந்து, காந்தி இர்வின் சாலை, பாரிமுனையை அடுத்த மண்ணடி ஆகிய பகுதிகளில் எளிய விடுதிகள் நிறைய உண்டு. குடும்பத்தோடு செல்வோர்க்கு நாம் எழும்பூரையே முதலாகச் சொல்வோம். பாரிமுனைப் பகுதி துறைமுகத்துக்கு மிக அண்மையில் இருப்பது உண்மை. ஆனால் அங்கே பகலில் வண்டிக்கும் மனிதருக்கும் இடமில்லாத நெரிசல். பெரிய பெட்டிகளோடும் முதியவர்களோடும் அச்சந்துகளில் நுழைவது எளிதன்று. எழும்பூரில் வண்டி வாயிலுக்கே வரும். மின்சார ரயிலில் ஏறினால் பூங்கா, கோட்டை கடந்து மூன்றாவது நிலையமே கடற்கரை.

பெரியமேட்டில் தங்குவோர்க்கு ஒரு சிறு வார்த்தை. அவ்வட்டாரத்துப் பிரியாணி பெயர்பெற்றது. ஆயினும் கடலுக்குப் புதியவர் அந்த ஓர் இரவு மட்டும் இட்டிலியோடு நிறுத்திக்கொள்வது வயிற்றுக்கு நலம்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது மணிக்கணக்கு. பெரிய ஹோட்டல்களில் பிற்பகலில் அறை கொடுத்து மறுநாள் முற்பகலில் காலி செய்யச் சொல்வது வழக்கம். ரயிலடியைச் சூழ்ந்த பல விடுதிகளிலோ, நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிடுகின்றனர். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். பெங்களூர் மெயிலில் வருபவர் விடியுமுன் சென்டிரலில் இறங்குகிறார். முதல்வகை ஹோட்டலில் அவர் நண்பகல் வரை முன்கூடத்தில் காத்திருக்க வேண்டும். இல்லையேல் இரண்டு நாள் வாடகை கொடுக்க வேண்டும். இரண்டாம் வகை விடுதியில் உடனே அறை கிடைக்கும். ஆனால் மறுநாள் விடியலிலேயே அக்கணக்கு முடிந்துவிடும். கப்பலோ பிற்பகலில்தான் ஆட்களை ஏற்றும். ஆகையால் எந்த ரயிலில் வருவது என்பதையும் எந்த விடுதியில் தங்குவது என்பதையும் தனித்தனியே முடிவு செய்யலாகாது.

எம் கருத்தில், பிற்பகலில் கப்பலேறுவோர்க்கு முந்திய நாள் பகல் ரயிலே பொருத்தமானது. காலையில் பெங்களூரை விட்டுப் புறப்படும் லால்பாக் விரைவு ரயிலில் ஏறினால் நண்பகலையடுத்துச் சென்னை சேரலாம். அப்போது பிடிக்கும் 24 மணிநேர அறை மறுநாள் நண்பகல் வரை நமக்குரியது. அங்கேயே குளித்து, உண்டு, நேரே துறைமுகம் செல்லலாம். 1964 முதல் ஓடும் பிருந்தாவன் பிற்பகலில் புறப்பட்டு இரவில் சேர்ப்பது. அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு மட்டுமே பெறக்கூடியவர்க்கு அது உதவும். கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர்கள் இவற்றில் எது பங்காருப்பேட்டையில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டு ஏறலாம்.

பேருந்தில் வருவோர் முதலில் விசாரிக்க வேண்டியது, வண்டி சென்னையில் எங்கே இறக்கிவிடும் என்பதே. முன்பெல்லாம் கோயம்பேடு என்ற ஒரே விடை இருந்தது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்ட பின் அந்நிலை மாறிவிட்டது. கோயம்பேட்டில் இறங்குபவர் மெட்ரோ ரயிலில் நேரே எழும்பூருக்கும் சென்டிரலுக்கும் வந்துவிடலாம். கிளாம்பாக்கத்தில் இறங்குபவர்க்கோ துறைமுகம் 30 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. விமானத்தில் வருவோர்க்கு மெட்ரோ வழி மிக நேர்த்தியானது. மீனம்பாக்கத்தில் ஏறினால் அதே வண்டி சென்டிரல், உயர்நீதிமன்றம், மண்ணடி என்று துறைமுகத்தின் பக்கமாகவே செல்கிறது. ஆதலால் விமான நிலையத்தருகே அறை எடுத்துக்கொண்டு காலையில் நகரின் குறுக்கே வண்டியோட்டுவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

இனி, நம்மவர்க்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். சென்னையில் உறவினர் இல்லாத பெங்களூர்த் தமிழர் அரியர். அக்காள் தாம்பரத்தில் இருப்பார். சித்தப்பா அம்பத்தூரில் இருப்பார். "வீடு இருக்கும்போது லாட்ஜில் தங்குவதா? நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம்?" என்று அவர்கள் கேட்டால் மறுமொழி கூறுவது கடினம். அவ்வன்பை மறுக்குமாறு நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் உறவினர் வீட்டில் இரவு வெகுநேரம் பேச்சு நீளும். காலையில் ஒருவேளை உண்ணாமல் புறப்பட விடமாட்டார்கள். அவர்களே வழியனுப்ப வருவதாகச் சொல்லிப் புறப்பாட்டைத் தாமதிப்பார்கள். தாம்பரத்திலிருந்து துறைமுகம் வரையுள்ள சாலையோ யாருக்காகவும் இரங்குவதில்லை. இரண்டு நாள் முன்னதாகச் சென்று உறவினருடன் தங்கி மகிழ்ந்துவிட்டு, கடைசி இரவுக்கு மட்டும் எழும்பூர்ப் பக்கம் வந்துவிடுவதே இருதரப்பாருக்கும் மனத்தாங்கல் இல்லாத ஏற்பாடு. கப்பல் திரும்பிய பின் இன்னும் ஒருநாள் தங்குவதாக வாக்களித்தால் அக்காளின் கோபமும் தணிந்துவிடும்.

வழியனுப்புவோர் துறைமுகத்தின் உள்ளே வர இயலாது என்பதையும் முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும். வாயிலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் காவல் புரிகின்றனர். சீட்டு உடையவர்க்கே அனுமதி. கரையில் நின்று கைக்குட்டையை அசைக்கும் காட்சியை எண்ணி வருபவர் வெயிலில் சாலையோரம் நின்று ஏமாறுவர். விடை பெறுவது விடுதியிலேயே நிகழட்டும். துறைமுகத்துக்கு வாயில்கள் பல உண்டு. நம் கப்பலுக்கு உரியது எத்தனையாவது வாயில் என்பதைக் குறித்துக்கொண்டு, முந்திய மாலை ஒருமுறை அப்பக்கம் சென்று பார்த்து வருவது வீண்வேலை அன்று.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செல்வோர்க்கு ஓர் இரவு போதாது. இரண்டு இரவு வேண்டும் என்பது எம் துணிபு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது விமானமும் நின்றது. ரயில்கள் பலவும் ரத்தாயின. அத்தகைய நாளில் பெங்களூரில் வானம் வெளுத்திருக்கும். நமக்கு அபாயம் தெரியாது. அம்மாதங்களில் அறை எடுக்கும்போது தரைத்தளத்தைத் தவிர்த்து மாடியறையாகக் கேட்பதும், தெருவில் நீர் தேங்குமா என்று விசாரிப்பதும் முறை.

அந்தமான் கப்பலுக்குச் செல்வோர் நிலை வேறு. அது உல்லாசத்துக்காக ஓடும் கப்பலன்று; தீவில் வாழ்வோர்க்கு அது பேருந்து போன்றது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊர், ஏறத்தாழ மூன்று நாள் கடல்வழி. புறப்படும் நாள் வெகு முன்னதாக அறிவிக்கப்படுவதில்லை. அறிவித்த நாளும் தள்ளிப்போவது உண்டு. இவர்கள் விலையுயர்ந்த அறையை முன்பணம் கட்டி எடுத்துக்கொண்டு, பின்னர் அதை இழப்பது பேதைமை. ஒருநாள் கூடுதலாகத் தங்க வேண்டின் மறுக்காத எளிய விடுதியே இவர்களுக்கு ஏற்றது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் கப்பலுக்கும் இவ்வறிவுரை பொருந்தும். 2023 அக்டோபர் 14ஆம் தேதி தொடங்கப்பட்ட அப்போக்குவரத்து ஒரு வாரத்துக்குள் பருவமழையை முன்னிட்டு நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் நடந்தது. அங்கே செல்வோர் நாகை நகருக்குள்ளேயே தங்கித் துறைமுகத்திலிருந்து செய்தி கேட்டவாறு இருக்க வேண்டும்.

கொச்சியிலிருந்தும் மும்பையிலிருந்தும் கப்பலேறும் வாய்ப்பு நம்மவர்க்கு வருவதுண்டு. கொச்சியில் பிரயாணக் கப்பல்கள் வெலிங்டன் தீவில் எறணாகுளம் துறைமேடையை அடைகின்றன. 2021இல் சாகரிகா என்னும் முனையம் அங்கே திறக்கப்பட்டது. எறணாகுளத்தில் தங்குவதே சுருக்கமான வழி. விமான நிலையம் உள்ள நெடும்பாச்சேரி 30 கிலோமீட்டர் அளவு விலகியது. மும்பையிலோ கப்பல்துறை பல்லார்டு பியர் பகுதியில், சத்திரபதி சிவாஜி முனையத்துக்கு அண்மையில் உள்ளது. பெங்களூரிலிருந்து உத்யான் விரைவு ரயிலில் சென்றால் அம்முனையத்திலேயே இறங்கி அக்கம்பக்கத்தில் அறை தேடலாம். குர்லாப் பக்கத்து லோகமான்ய திலக் முனையத்தில் இறக்கும் ரயிலில் சென்றால் நகரின் நீளம் முழுவதையும் கடக்க நேரும். மாட்டுங்காவில் தங்கினால் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் என்று பலர் ஆசைப்படுவர். ஆசையில் தவறில்லை, திரும்பி வரும்போது தங்கலாமே.

அறைக்கு முன்பதிவு செய்யும் அன்றே செய்ய வேண்டிய காரியம் மற்றொன்று உண்டு. கப்பற் சீட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது காரணமாக வாயிலில் நிற்க நேரிடலாம். இலங்கைக்குச் செல்வோர் பாஸ்போர்ட்டையும் அதன் காலவரையையும் பார்க்க வேண்டும். பெங்களூர் வீட்டு அலமாரியில் பாஸ்போர்ட் தங்கிவிட்டது என்பது சென்னையில் முந்திய நாள் நண்பகலிலேயே தெரிந்தால், மாலை ரயிலில் ஒருவர் அதைக் கொண்டுவந்து சேர்க்க நேரம் இருக்கும். கப்பலேறும் நாளின் காலையில் தெரிந்தால் இராது.

திரும்பும் நாளுக்கு அறை வேண்டுமா என்று சிலர் வினவுகின்றனர். உல்லாசக் கப்பல் காலையில் துறை சேருமாயின் வேண்டுவதில்லை. ஆனால் கரையிறங்கும் வேளை நம் கையில் இல்லையாதலால் காலை பிருந்தாவனுக்குச் சீட்டு எடுக்காதீர்கள். பிற்பகலில் சென்னையை விட்டுப் புறப்படும் லால்பாக்குக்கு எடுங்கள். இடைப்பொழுதில் சென்டிரல் நிலையத்துப் பொருள் வைப்பறையில் பெட்டிகளை ஒப்படைக்கலாம். பூட்டில்லாத பெட்டியை அங்கே ஏற்பதில்லை. ஒரு சிறு பூட்டும் சாவியும் கையில் இருக்கட்டும்.