உங்களுக்குத் தெரியுமா? மீன் தொட்டியில் விளையும் கீரை

● மீன் வெளியேற்றும் அம்மோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. தெளிந்த தண்ணீரிலும் மீன் செத்து மிதக்க இது ஒரு முக்கியக் காரணம்.

● மீன் வளரும் தண்ணீரிலேயே செடியும் வளர்ப்பதுதான் அக்வாபோனிக்ஸ். இதில் மீனையும் செடியையும் விடக் கவனமாக வளர்க்க வேண்டியது பாக்டீரியாவை! ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது செடிக்குச் சாப்பாடு. 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி சூரிச் நகரில் இந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தாமாகவே வந்து, செடி நடப் பரப்பிய ஜல்லியில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மிக மெதுவாகத்தான் பெருகும். 4 முதல் 6 வாரம் கூட ஆகலாம். அதுவரை தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைத் தண்ணீரில் போட்டு அழுக விடுங்கள். வண்ணமீன் கடைகளில் விற்கும் சோதனைக் கரைசலால் அவ்வப்போது பார்த்து வாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கி, நைட்ரேட் ஏறிய பிறகே மீனை விட வேண்டும். முதல் நாளே மீன் வாங்கி வந்து விடுபவர்கள்தான் ஒரே வாரத்தில் மனம் வெறுத்துப் போகிறார்கள்.

● குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் இந்த பாக்டீரியாவையும் கொல்லும். ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றுங்கள்.

● ஜல்லி வாங்குமுன் ஒரு கைப்பிடி எடுத்து அதன்மேல் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும். காரம் ஏற ஏற அதே அளவு அம்மோனியா மீனுக்கு இன்னும் கொடிய நஞ்சாகும். கருங்கல் ஜல்லி நல்லது. 30 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பினால் தக்காளி வேருக்கும் இடம் கிடைக்கும்.

● சின்னத் தொட்டிதான் சுலபம் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. தண்ணீர் குறையக் குறைய வெப்பமும் நஞ்சும் சட்டென்று ஏறும். ஆனால் 1,000 லிட்டர் தண்ணீர் மட்டுமே 1 டன் எடை; ஜல்லி தனி. மொட்டை மாடியில் வைப்பதென்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

● கரீபியன் கடலில் உள்ள செயின்ட் க்ரோய் தீவில் நன்னீருக்குப் பெரும் தட்டுப்பாடு. அங்குள்ள வர்ஜின் ஐலண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி குழுவினர் பல ஆண்டுகள் உழைத்து, ஜிலேபி மீனையும் கீரை வகைகளையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் முறையை உருவாக்கினார்கள். அன்றாடம் சேர்த்த புதுத் தண்ணீர் மொத்தத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊர்களுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

● எத்தனை மீன் விடலாம் என்று கேட்பதை விட, தினம் எவ்வளவு தீவனம் போடுகிறோம் என்று கணக்கிடுவதே சரி. உலக உணவு வேளாண் அமைப்பு 2014-இல் வெளியிட்ட கையேடு, 1 சதுர மீட்டர் கீரைக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்கிறது. தக்காளி, கத்தரி போன்றவற்றுக்கு 50 முதல் 80 கிராம்.

● தீவனத்தில் செடிக்குப் போதுமான இரும்புச்சத்து இருப்பதில்லை. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், பெரும்பாலும் அந்தக் குறைதான்.

● கரண்ட் போய்க் காற்று மோட்டார் நின்றால், நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் சில மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிடலாம். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கட்டாயம் வேண்டும். நம் விரால் மேலே வந்து வெளிக்காற்றைச் சுவாசிப்பதால் தாக்குப்பிடிக்கும். ஆனால் துள்ளி வெளியே விழும், மேலே வலை போடுங்கள். அதேபோல் தாக்குப்பிடிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது. அதை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

● செடிக்குப் பூச்சிமருந்து அடித்தால் மீன் சாகும். மீனுக்கான மருந்தைத் தொட்டியில் கலந்தால் பாக்டீரியா சாகலாம், மருந்து கீரையிலும் ஏறும். அதனால் பூச்சியைக் கையால் பொறுக்குங்கள். நோய்ப்பட்ட மீனைத் தனி வாளிக்கு மாற்றி வைத்தியம் பாருங்கள்.