வரைபடம் இல்லாத கட்டடம்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் குவாலிட்டி பிரிவில் இருப்பவர்களுக்கு முப்பரிமாண ஸ்கேனர் புதிதல்ல. கருவி ஒரு வார்ப்பின்மேல் ஒளிக்கோடுகளைப் பாய்ச்சும். மேடு பள்ளத்துக்கேற்ப அந்தக் கோடுகள் வளைவதைக் கேமரா கவனிக்கும். அந்த வளைவிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் கணினி கணக்கிட்டுவிடும். பிறகு அந்த உருவத்தை கேட் (CAD) வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தால் எங்கே உலோகம் கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்பது நிறம் நிறமாகத் தெரியும். எல்லையோர ஜூஜுவாடியில் வாடகைக்குத் தங்கி ஷிஃப்டுக்குப் போகிறவர்களில் பலர் தினமும் செய்கிற வேலைதான் இது.

எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், இந்தத் தொழில்நுட்பம் கல்வெட்டுப் படிக்கிறது. 1909இல் தொடங்கப்பட்ட பெங்களூர் மிதிக் சொசைட்டி, 2021 முதல் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து இணையத்தில் பொதுவில் வைத்துவருகிறது. அவற்றில் தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு. இதில் வியக்க ஒன்றுமில்லை. இந்த மாநில எல்லை பிற்காலத்தது. சோழர் காலத்தில் இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி நிகரிலி சோழ மண்டலம். ஜூஜுவாடியிலிருந்து அத்திப்பள்ளி வழியாக ஓசூர் சாலையிலேயே போனால் வரும் மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வெங்காளூர்ப் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைத் தானம் கொடுத்த செய்தி அது. தோம்லூர் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. சாலையிலிருந்து சற்று விலகினால் பேகூர். அங்கே பெங்களூரில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னட வீரக்கல் நிற்கிறது.

கல்வெட்டைப் படியெடுக்கும் பழைய முறை நல்ல முறைதான். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பதிய வைத்து, மேலே மை ஒற்றினால் பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். ஆனால் மழையிலும் எண்ணெயிலும் தேய்ந்து, அரை மில்லிமீட்டர் ஆழம்கூட மிஞ்சாத எழுத்தைத் தாள் பிடிக்காது. ஸ்கேன் செய்த கல்லில் கணினிக்குள்ளேயே விளக்கைச் சாய்த்துப் பிடிக்கலாம், கல்லின் நிறத்தை நீக்கிவிடலாம், ஆழத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தப்பிய எழுத்து அப்போது எழுந்து வரும். தொழிற்சாலையில் பளபளக்கும் உலோகத்தின்மேல் வெள்ளைப் பொடி தெளித்துவிட்டு ஸ்கேன் செய்வார்கள். கல்வெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

முழுக் கோயிலை அளக்கக் கைக்கருவி போதாது. முக்காலியில் நிற்கும் லேசர் ஸ்கேனர் வேண்டும். ஒளி ஒரு நானோநொடியில் போகும் தூரம் சுமார் 30 சென்டிமீட்டர். போய்த் திரும்பும் நேரத்தை வைத்தோ, அலை எவ்வளவு தள்ளி வந்தது என்பதை வைத்தோ தூரம் கிடைக்கும். மண்டபத்தில் ஒவ்வொரு தூணும் இன்னொரு தூணை மறைக்கும் என்பதால் கருவியைப் பல இடங்களில் நிறுத்தியாக வேண்டும். கருவறைக்கு மேலெழும் விமானத்தின் மேல்பகுதிக்கு ட்ரோன் படங்கள். எல்லாம் சேர்ந்து கோடிக்கணக்கான புள்ளிகளாகத் திரையில் நிற்கும்.

தொழிற்சாலைப் பழக்கம் உதவாமல் போவது இங்கேதான். அங்கே வரைபடம் முதலில், பொருள் பிறகு. விலகினால் பிழை. எழுநூறு, எண்ணூறு ஆண்டுக் கோயிலுக்கு எந்த வரைபடக் கோப்பும் கிடையாது. ஒரு சுவர் இரண்டு சென்டிமீட்டர் சாய்ந்திருந்தால், கட்டியவர் அப்படித்தான் நிறுத்தினாரா, அடித்தளம் இறங்கியதா, அரசமர வேர் தள்ளியதா என்று ஒரு ஸ்கேன் சொல்லாது. சில ஆண்டு கழித்து இன்னொரு முறை அளந்து முதல் அளவோடு ஒப்பிட்டால்தான் சுவர் இன்னும் நகர்கிறதா என்றாவது தெரியும். கோயிலைப் பொறுத்தவரை முதல் ஸ்கேன்தான் வரைபடம்.

இன்னொரு தொழிற்சாலைப் பழக்கமும் ஆபத்து. லேசர் படாத இடத்தை மென்பொருள் தானாகவே வழவழப்பாக மூடிவிடும். வார்ப்புக்குப் பரவாயில்லை. சிதைந்த எழுத்தின்மேல் செய்தால் அது இட்டுக்கட்டு. ஓட்டையை ஓட்டையாகவே விட்டுவைக்கும் மாதிரிதான் நம்பத்தக்கது. பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

முதல் ஸ்கேனின் மதிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு: பாரிசின் நோத்ர்தாம் தேவாலயத்தைக் கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் லேசரால் அளந்தார். கிடைத்தவை நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். அந்த இடைக்காலக் கட்டடம் எப்படி எழுப்பப்பட்டது என்று தெரிந்துகொள்வதே அவர் நோக்கம். 2018இல் அவர் இறந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் கூரை எரிந்தது. சீரமைத்தவர்களுக்கு அந்தப் புள்ளிகளும் கைகொடுத்தன.

நம் கோயில்களுக்குத் தீயைவிடத் திருப்பணியே பெரிய கண்டம் என்பேன். மணல் வீச்சில் எழுத்து தேய்ந்திருக்கிறது. தரையை உயர்த்தி டைல்ஸ் போடும்போது அடிப்பீடமான அதிட்டானத்தின் கீழ்வரிசைகள் புதைகின்றன. கல்வெட்டுகள் பெரும்பாலும் இருப்பது அங்கேதான். ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரரானாலும், ஊருக்குள் ஓடு வேய்ந்த சிறு கோயிலானாலும், திருப்பணிக்கு முன் செய்யும் பாலாலயத்துக்கு நாள் குறிக்கும்போதே ஸ்கேனருக்கும் ஒரு நாள் குறித்துவிடலாம். கருவியை ஓட்டத் தெரிந்தவர்களைத் தேடி ஊர் தாண்டிப் போக வேண்டியதில்லை. அவர்களுக்குத் தேவை ஒரு ஞாயிற்றுக்கிழமையும், எழுத்து எது, கீறல் எது என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒரு கல்வெட்டு ஆய்வாளரும்.