சாய்ந்து நிற்கும் பிக்அப்! கோளாறு எந்த மூலையில்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பலருக்கு ஒரு விந்தையான ஆசை உண்டு. சரக்கு ஏற்றும் பிக்அப் வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, ஊரே பார்க்க மெல்ல ஓட்டிச் செல்வார்கள்!

சக்கர விளிம்பை விட வண்டியின் அடிப்பாகம் தாழக்கூடாது என்று 1958-ம் ஆண்டு முதல் அங்கே சட்டம் இருந்தது. அந்தத் தடை 2024-ம் ஆண்டு பிறந்ததும் நீங்கியது.

எப்படித் தாழ்த்துகிறார்கள்?

முன்பக்கம் குட்டையான சுருள் ஸ்பிரிங் போடுவார்கள். பின்பக்கம், பட்டைகளுக்குக் கீழே இருக்கும் அச்சை மேலே மாற்றிவிடுவார்கள்.

வேலை முடிந்தது. பணமும் செலவாகிவிட்டது. தள்ளி நின்று பார்த்தால், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது! அப்படியே விட்டால் டயர் மட்கார்டில் உரசும். உரசி உரசித் தேய்ந்த டயர் நெடுஞ்சாலையில் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

குற்றவாளி யார்?

தாழ்ந்த மூலையில்தான் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பின்னால் இடது பக்கம் கோளாறு என்றால், முன்னாலும் இடது பக்கம் தாழும். எதைக் கழற்றுவது?

முதலில் சமதரையில் வண்டியை நிறுத்த வேண்டும். சாமான்களை இறக்கிவிட்டு, இரு பக்க டயர்களிலும் காற்று ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நட்ட நடுவில் ஜாக்கி வைத்து, ஸ்பிரிங்குகளின் மேல் உள்ள பாரம் நீங்கும்வரை தூக்க வேண்டும். அப்போது யாரும் அடியில் போகக் கூடாது!

வண்டி நிமிர்ந்துவிட்டால் கோளாறு முன்னால். சாய்ந்தே இருந்தால் பின்னால். அவ்வளவுதான்!

முன்னால் என்றால், சுருளின் முனை அதற்குரிய பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம். பின்னால் என்றால், பட்டையின் நடு போல்ட் அச்சில் உள்ள துளையில் பொருந்தாமல் இருக்கலாம்.

கெட்டிக்கார மெக்கானிக்கையும் ஏமாற்றும் கோளாறு இன்னொன்று உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே பட்டை போல்ட்டுகளை முறுக்கிவிடுவார்கள். வண்டியை இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு, வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, நன்றாக ஆட்டிவிட்டு மறுபடி முறுக்கினால் சரியாகிவிடும். காசு செலவில்லை!

சிலர் உயர்ந்த பக்கத்து ஸ்பிரிங்கை நெருப்பில் காய்ச்சித் தாழ்த்துவார்கள். அது கொடுமை. காய்ச்சிய எஃகு பதம் இழந்துவிடும். ஒரு நாள் உடையவும் செய்யும்.

எல்லாம் முடிந்ததும் சக்கரக் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். முன்விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஓட்டுநரின் இருக்கை இடப்பக்கம். அதனால் அவரை ஏற்றி உட்கார வைத்து, ஒருமுறை அளந்து பார்ப்பவர்களும் உண்டு!