அந்த அகலமான கட்டம் யாருக்கு?

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை. சிராங்கூன் சாலை முழுவதும் ஒளியூட்டு. தேக்காச் சந்தையில் வாழையிலை, மாவிலை, பூச்சரம் வாங்கக் கூட்டம் அலைமோதுகிறது. அருகிலுள்ள கார் நிறுத்துமிடம் ஒன்றில் இடம் தேடி வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கின்றன. மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. தரையில் சக்கர நாற்காலிச் சின்னம் வரையப்பட்ட அகலமான கட்டம் அது. “ஐந்து நிமிடந்தானே, முறுக்கு வாங்கிக்கொண்டு உடனே வந்துவிடலாம்” என்று ஓர் ஓட்டுநர் அங்கே காரை நிறுத்திவிட்டு இறங்கி ஓடுகிறார்.

அடுத்து வரும் காரில் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒரு பாட்டியும் அவருடைய மகனும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் கையால் பார்த்துப் பட்டுச்சேலை எடுக்க வேண்டும் என்பது பாட்டியின் ஆசை. கட்டம் நிரம்பிவிட்டதைக் கண்ட மகன் மேல்தளத்திற்குச் செல்கிறார். அங்கே சாதாரணக் கட்டம் ஒன்று கிடைக்கிறது. ஆனால், அதில் காரை நிறுத்தினால் பாட்டியால் இறங்க முடியாது.

ஏன் முடியாது என்பதை ஓர் எளிய கணக்கு விளக்கிவிடும். சிங்கப்பூரில் சாதாரணமாகக் கார் நிறுத்தும் கட்டத்தின் அகலம் 2.4 மீட்டர். நடுத்தர அளவுள்ள ஒரு காரின் அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர். காரை நடுவில் நிறுத்தினால் இருபுறமும் 30 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். பக்கத்துக் கட்டத்திலும் ஒரு கார் அதே அளவு இடத்தை விட்டு நின்றால், இரண்டுக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருக்கும். கால் ஊன்றி நிற்கக்கூடியவர் கதவைச் சற்றே திறந்து, உடலைச் சாய்த்து, எப்படியோ வெளியே வந்துவிடுவார். சக்கர நாற்காலிக்கோ அந்த இடைவெளியில் நுழையவே வழியில்லை. மேலும், இருக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்குக் கதவு முழுவதும் திறந்திருக்க வேண்டும். நாற்காலி இருக்கையை ஒட்டி நிற்க வேண்டும். துணைக்கு வந்தவர் குனிந்து தாங்கிக்கொள்ளவும் இடம் வேண்டும்.

இதனால்தான் சக்கர நாற்காலிச் சின்னமுள்ள கட்டம் குறைந்தது 3.6 மீட்டர் அகலத்தில் அமைக்கப்படுகிறது. நீளம் மற்றக் கட்டங்களைப் போலவே 4.8 மீட்டர்தான். கூடுதலாகக் கிடைப்பது 1.2 மீட்டர் அகலம். அந்தக் கட்டம் மின்தூக்கிக்கு அருகில் இருப்பதைப் பார்த்து, நடக்கும் தூரத்தைக் குறைக்கும் சலுகை என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அருகில் இருப்பது உதவிதான், ஐயமில்லை. ஆயினும், அந்த இடத்தின் உயிர் அதன் அகலத்தில்தான் இருக்கிறது.

கட்டத்தில் காணப்படும் சின்னத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1968ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்ற வடிவமைப்பு மாணவி அதை வரைந்தார். அவர் வரைந்தது ஒரு நாற்காலியை மட்டுமே. பின்னர் கார்ல் மொண்டான் என்பவர் அதன்மேல் ஒரு வட்டத்தைச் சேர்த்தார். அந்த வட்டம் தலையாயிற்று. வெறும் நாற்காலி மனிதராயிற்று.

சிங்கப்பூரில் இத்தகைய கட்டங்களை அமைப்பது கட்டட உரிமையாளரின் நல்லெண்ணத்திற்கு விடப்படவில்லை. 1990ஆம் ஆண்டிலேயே, கட்டடங்களில் தடையின்றி நடமாடுவதற்கான விதித்தொகுப்பு ஒன்று அறிமுகமானது. அது பலமுறை திருத்தப்பட்டுள்ளது. கட்டட, கட்டுமான ஆணையம் இன்று அதை நடைமுறைப்படுத்துகிறது. புதிய கட்டடங்களும் பெரிய அளவில் புதுப்பிக்கப்படும் கட்டடங்களும் அதைப் பின்பற்ற வேண்டும். கட்டத்தின் அளவு, எண்ணிக்கை, அங்கிருந்து கட்டடத்திற்குள் செல்லும் வழி ஆகியவற்றை அது வரையறுக்கிறது. கார் நிறுத்துமிடம் பெரிதாக இருந்தால், இத்தகைய கட்டங்களும் அதற்கேற்பக் கூடும்.

கட்டம் இருந்தால் மட்டும் போதுமா? அதை யார் பயன்படுத்தலாம் என்பதற்கும் விதி வேண்டுமல்லவா? அதற்காகவே கார் நிறுத்த அடையாள வில்லைத் திட்டம் இருக்கிறது. உடற்குறையுள்ளோருக்குச் சேவையாற்ற 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘எஸ்ஜி எனேபல்’ அமைப்பு அதனை நிர்வகிக்கிறது. ‘லேபிள்’ என்று மக்கள் சொல்லும் இந்த வில்லையைப் பெற, மருத்துவத் துறையினரின் சான்று வேண்டும். சக்கர நாற்காலி, நடைச்சட்டம் போன்ற பெரிய துணைக்கருவிகளைப் பயன்படுத்துவதால் காரில் ஏறி இறங்கக் கூடுதல் இடம் தேவைப்படுகிறது என்பது உறுதிசெய்யப்பட வேண்டும். நோயோ முதுமையோ மட்டும் காரணமாகாது. மீண்டும் அகலந்தான் அளவுகோல்.

வில்லையில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, தாமே கார் ஓட்டும் உடற்குறையுள்ளோருக்கு உரியது. கால்களை அசைக்க முடியாதவர்களும் கார் ஓட்டுகிறார்கள். வேகத்தைக் கூட்டவும் நிறுத்தவும் கையால் இயக்கும் கருவி அவர்களுடைய காரில் பொருத்தப்பட்டிருக்கும். அவர்களை ஓரிடத்தில் இறக்கிவிட்டுக் காரை வேறிடத்தில் நிறுத்த யாரும் உடன் வருவதில்லை. ஆகவே, வேலை முடியும்வரை அவர்களின் கார் அந்தக் கட்டத்திலேயே நிற்கலாம். அதற்காகக் கட்டணம் இல்லை என்று பொருளன்று.

இரண்டாம் வகை, உடற்குறையுள்ளவரைப் பயணியாக ஏற்றிச் செல்லும் வாகனத்திற்கு உரியது. இந்த வாகனம் அந்தக் கட்டத்தில் அதிகபட்சம் 60 நிமிடம் நிற்கலாம். ஏற்றி இறக்க ஒரு மணி நேரமா என்று சிலர் கேட்பதுண்டு. பாட்டியை நாற்காலிக்கு மாற்றி, மின்தூக்கியில் அழைத்துச் சென்று, கடையிலோ மருந்தகத்திலோ பாதுகாப்பாக அமரவைத்துவிட்டுத் திரும்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது, செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நினைவு தடுமாறும் முதியவரை மின்தூக்கி வாசலில் தனியே விட்டுவிட்டுக் காரை நகர்த்த எந்த மகனுக்கும் மனம் வராது. அதே வேளையில், ஓட்டுநர் நடக்கக்கூடியவர் என்பதால், வேலை நீண்டால் அவர் காரைச் சாதாரணக் கட்டத்திற்கு மாற்றிவிட முடியும். இருக்கும் சில கட்டங்கள் பலருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இந்த வரம்பின் நோக்கம்.

பிற நாடுகள் எல்லாம் இதே வழியில் சிந்திக்கவில்லை. பிரிட்டனில் ‘நீல வில்லை’ என்ற திட்டம் நடப்பில் உள்ளது. இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல், வெளியே தெரியாத குறைபாடுகள் உள்ளோரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். கடுமையான மனப்பதற்றமோ மதியிறுக்கமோ உள்ளவருக்கு நீண்ட தூரம் நடப்பதே பெரும் இடராக இருக்கக்கூடும் என்பது அவர்களின் வாதம். அங்கே தூரமும் கணக்கில் சேர்கிறது. சிங்கப்பூரின் விதி இதைவிடக் குறுகியது என்பதை மறுக்க முடியாது. ஆனால், இடம் குறைந்த தீவில் வில்லைகள் பெருகினால், சக்கர நாற்காலியில் வருபவருக்கே கட்டம் கிடைக்காமல் போகலாம் என்ற கவலையும் நியாயமானதே.

பேருந்தும் ரயிலும் இருக்கும்போது கார் எதற்கு என்றும் கேட்கலாம். லிட்டில் இந்தியா ரயில் நிலையம் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்டது; அங்கே மின்தூக்கி உண்டு. இன்றைய பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளமும் உண்டு. பலர் அவற்றைப் பயன்படுத்தித் தனியாகவே சென்று வருகிறார்கள். ஆனால், வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று களைத்துத் திரும்புபவருக்கோ, மழையில் நடைச்சட்டத்தோடு சாலையைக் கடக்க வேண்டியவருக்கோ காரைத் தவிர வேறு வழி எப்போதும் அமைவதில்லை.

லிட்டில் இந்தியாவுக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதை, 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்தது. வெயிலும் மழையும் படாமல் நடக்க அருமையான ஏற்பாடு. ஆனால், ஒரு கடையின் முன்தளம் உயர்ந்தும் அடுத்த கடையின் முன்தளம் தாழ்ந்தும் இருக்கும். இடையே ஒன்றிரண்டு படிகள். 1989ஆம் ஆண்டு இவ்வட்டாரம் பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டதால், பழைய கட்டடங்களை விருப்பம்போல் இடித்துக் கட்டவும் இயலாது. காரிலிருந்து இறங்க இடம் கிடைத்த பிறகும் பாட்டி சேலைக் கடைக்குள் நுழைய ஒரு சாய்தளம் தேவைப்படலாம்.

விதியை மீறுவோருக்கு என்ன நேரும்? வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நகர மறுசீரமைப்பு ஆணையம் ஆகியவற்றின் கார் நிறுத்துமிடங்களில் அதிகாரிகள் சுற்றுக்காவல் வருகிறார்கள். வில்லையின்றி நிறுத்தினால் அபராதம். கடைத்தொகுதி, கூட்டுரிமை வீடு போன்ற தனியார் இடங்களில் நிலைமை வேறு. கட்டம் அமைக்க வேண்டும் என்ற கட்டட விதி அங்கேயும் செல்லும். ஆனால், அதில் யார் நிறுத்துகிறார்கள் என்று கண்காணிப்பது பெரும்பாலும் அந்த இடத்தின் நிர்வாகத்தின் பொறுப்பு. சிலர் சக்கரத்தைப் பூட்டிவிடுகிறார்கள். சிலர் எச்சரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

வழியில் செல்வோர் தாமே நீதிபதியாகிவிடுவதிலும் தவறு நேரக்கூடும். அந்தக் கட்டத்தில் நிற்கும் காரில் இளைஞர் ஒருவர் தனியே அமர்ந்திருப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர் முதல் வகை வில்லை பெற்ற ஓட்டுநராக இருக்கலாம். காரில் அமர்ந்திருக்கும்போது எல்லாரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். அல்லது, மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும் தம் தந்தைக்காகக் காத்திருக்கலாம். பார்க்க வேண்டியது ஓட்டுநரின் கால்களையன்று, முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வில்லையை.

வில்லை இருந்துவிட்டால் மட்டும் அந்தக் கட்டம் உரிமையாகிவிடுவதுமில்லை. அது காருக்கு வழங்கப்பட்ட பரிசன்று. குறிப்பிட்ட ஒரு மனிதரின் தேவைக்காக வழங்கப்பட்டது. அவர் வராத பயணத்தில் அதைப் பயன்படுத்தக்கூடாது.

அன்று மாலை, முறுக்கு வாங்கப் போனவர் இருபது நிமிடம் கழித்து வந்து காரை எடுத்தார். அதற்குள் பாட்டியின் கார் மூன்றுமுறை சுற்றிவிட்டது. பாட்டி சேலை எடுத்தார். அரக்கு நிறம், மெல்லிய கரை. வீட்டில் அவரை இறக்கிவிட்ட பிறகுதான் பூ வாங்க மறந்தது மகனுக்கு நினைவுக்கு வந்தது. மீண்டும் அதே கார் நிறுத்துமிடம். மின்தூக்கிக்குப் பக்கத்தில் அந்தக் கட்டம் இப்போது காலி. வில்லை முன்கண்ணாடிக்குப் பின்னாலேயே இருந்தது. பாட்டியின் இருக்கைதான் வெறுமையாக இருந்தது. அவர் காரை நிறுத்தாமல் மேல்தளத்திற்கு ஓட்டிச் சென்றார்.