தள்ளு மச்சி... தள்ளு!

விடியற்காலை மணி அஞ்சே கால். தச்சூர் கூட்டு ரோடு தாண்டி, கவரப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னாடி ஹைவேஸ் ஓரமா ஒரு வண்டி நிக்குது. பின்னாடி முழுக்க இட்லிப் பாத்திரம், பொங்கல் அண்டா, சாம்பார் தூக்கு. முன்னாடி பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு ரெண்டு பேர் முழிக்கிறாங்க. ஒருத்தர் எங்க அப்பா. இன்னொருத்தன்..? சாட்சாத் நானேதான்!

ஆறு மணிக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் மாறும். கேட் வாசல்ல பசியோட நிக்கிறவங்களுக்கு நம்ம டீசல் பம்ப் கதையெல்லாம் தேவையா என்ன? பக்கத்து தள்ளுவண்டியில சாப்பிட்டுப் போய்ட்டே இருப்பாங்க. அன்னைக்கு நாப்பது பேர் இட்லி வீட்டுக்கே திரும்பி வந்துச்சு. ராத்திரி எங்க தெரு முழுக்க இட்லி உப்புமா!

அப்பாவோட கம்பெனி மூடினப்போ வந்த காசுல ஒரு லட்சத்தைப் போட்டு வாங்கின வண்டி இது. பழைய டீசல் எஸ்டேட் கார். எஸ்டேட்னா தோட்டம், பங்களானு நினைச்சிடாதீங்க பாஸ்! சாதாரண காரோட கூரையை டிக்கி வரைக்கும் நீட்டி, பின்னாடி ஒரு கதவு வச்சா அதான் எஸ்டேட். பின் சீட்டை மடக்கினா ஒரு குட்டி வேன். அம்மா சமையல், அப்பா டிரைவிங், காலேஜுக்குப் போறதுக்கு முன்னாடி பரிமாற நான். பிளான் சூப்பர்தான். வண்டிதான் ஒத்துழைக்கல.

விலை ஏன் கம்மி?

நம்ம ஊர்ல இந்த மாடலுக்கு ராசியே இல்லை. 1992-ல டாடா எஸ்டேட் வந்துச்சு. 2004-ல இண்டிகோ மரீனா வந்துச்சு. மாருதி பலேனோ ஆல்ட்டூரா, ஸ்கோடா ஆக்டேவியா கோம்பினு மத்தவங்களும் முயற்சி பண்ணினாங்க. டிக்கி தனியா துருத்திக்கிட்டு இருந்தாதான் கார்னு நம்ம ஜனங்க நினைச்சுட்டாங்க போல. எதுவுமே பெருசா ஓடல. எங்க வண்டி எந்தக் கம்பெனினு மட்டும் கேட்காதீங்க ப்ளீஸ்!

அதிகம் விக்காத வண்டி செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கிடைக்கும். ஆனா பார்ட்ஸ் கிடைக்காது. இந்த ரெண்டாவது வரியை எங்களுக்கு யாருமே சொல்லல. புதுப்பேட்டையில கடை கடையா ஏறி இறங்கின பிறகுதான் புரிஞ்சுது. இத்தனைக்கும் எங்க மாவட்டம் கார் செய்யற மாவட்டம்! திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில 1998-லயே மிட்சுபிஷி லான்சர் தயாராச்சு. 2021-ல இருந்து அங்கே சிட்ரோன் கார்கள் தயாராகுது. புதுக் கார் ரெடியாகுற ஊர்ல, பழைய காருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் கிடைக்காம அலைஞ்சோம்.

நாலு ரூபா முட்டை, நாப்பது ரூபா மசாலா

வியாதி இதுதான். நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு மூச்சு நின்னுடும். டீசல் ஃபில்டர் மேல இருக்குற நட்டைத் தளர்த்தி, கை பம்பை அமுக்கி, நுரை போய் சுத்தமான டீசல் வர்ற வரைக்கும் காத்தை வெளியேத்தினா மறுபடி கிளம்பும். ஏர் லாக்! டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அமுக்கி வர்ற சூட்டுலதான் டீசல் பத்திக்கும். நாசிலுக்கு டீசல் அழுத்தமா போகணும். லைன்ல காத்து புகுந்துட்டா அந்த அழுத்தம் போச்சு.

முதல் மெக்கானிக் பம்பைக் கழட்டி சர்வீஸ் பண்ணினார். ரெண்டாவது மெக்கானிக் நாலு நாசிலும் மாத்தினார். மூணாவது ஆளு டேங்கையே இறக்கிட்டார். மொத்தம் இருபத்திரண்டாயிரம் காலி. அம்மா கையில இருந்த ஒரே ஜோடி வளையல் அடகுக் கடைக்குப் போச்சு. அடுத்த வாரமே அதே இடத்துல, அதே ஏர் லாக்!

கடைசியா செங்குன்றத்துல லாரி வேலை பாக்கிற ஒரு பெரியவர். எதையும் கழட்டல. ஃபில்டருக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுனு கண்ணாடி மாதிரி தெரியற ரெண்டு பிளாஸ்டிக் டியூபை மாட்டிட்டு, ‘ஸ்டார்ட் பண்ணு தம்பி’ன்னார். முதல் டியூப்லயே குமிழ் குமிழா ஓடுச்சு. ‘அப்போ டேங்க்ல இருந்து வர்ற வழியிலதான் ஓட்டை’ன்னார். கிளிப்புக்கு அடியில மயிரிழை அளவு வெடிச்ச ஒரு ஹோஸ். விலை... நூறு ரூபாகூட இல்லை! ‘முதல்ல பாக்கணும், அப்புறம்தான் கழட்டணும்’னு சொல்லிட்டு டீ குடிக்கப் போய்ட்டார். எங்க காலேஜ் லேப்ல நாலு வருஷமா சொல்லித் தராத பாடம்.

வாங்கப் போறீங்களா?

- காலையில, ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. போனதுமே பானெட்டைத் தொடுங்க. சூடா இருந்தா, உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வச்சிருக்காங்கனு அர்த்தம்!
- புகை நிறம் பேசும். நீலம்னா ஆயில் எரியுது. கறுப்புனா டீசல் அதிகமாப் போகுது, இல்லை ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு. வெள்ளை நிக்காம வந்தா ஹீட்டர் பிளக்கோ, ஹெட் கேஸ்கெட்டோ பாக்கணும்.
- இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தா குபுகுபுனு புகை தள்ளுதா? பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கலாம். கும்பிடு போட்டுக் கிளம்புங்க.
- ஆர்.சி.யில பதினஞ்சு வருஷக் கணக்கு, லோன் பாக்கி ரெண்டையும் பாருங்க. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுங்க.
- அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடியே பார்ட்ஸ் கிடைக்குதானு கடையில விசாரிச்சிடுங்க.

ஏர் லாக் தொல்லை நடுவுல, வண்டியை வித்துடலாம்னு நான்தான் அப்பாவை நச்சரிச்சேன். ஒருத்தர் வந்தார், பார்த்தார், எழுபதாயிரம்னார். அன்னைக்குனு வண்டி சமர்த்தா ஓடுச்சு. எனக்கு ஒரே குஷி! அப்பா மட்டும் மெதுவா, ‘சார், இது நடு ரோட்ல நின்னுடும். காரணம் இன்னும் தெரியல’ன்னார். வந்தவர் அப்படியே போய்ட்டார். நான் கத்தினேன். அப்பா சொன்னது ஒண்ணுதான்: “நமக்கு வித்தவன் இதைச் சொல்லியிருந்தா உங்கம்மா வளையல் இருந்திருக்கும்டா.”

அதுக்கு மேல நான் பேசல.

இப்போ அஞ்சே முக்காலுக்கெல்லாம் சிப்காட் கேட்ல நிக்கிறோம். வளையல் இன்னும் அடகுலதான் இருக்கு, வட்டி தவறாமக் கட்டுறோம். மார்கழியில ஹீட்டர் பிளக் படுத்துது. அப்போ தள்ளத்தான் வேணும். கேட்ல சாப்பிடுற அண்ணன்கள்ல ரெண்டு பேர் கை கொடுப்பாங்க. அவங்களுக்கு மட்டும் ஒரு வடை எக்ஸ்ட்ரா!