தொண்ணூற்று மூன்றில் ஒன்று

அயல்வீட்டு முன்பள்ளி ரீச்சர் விறாந்தையில் வந்து இருந்து, தேத்தண்ணியை வாயில் வைக்க முந்தியே கைபேசியை நீட்டினார். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் ஆய்வுக் கட்டுரைகள் அதில் வரிசையாக இருந்தன. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இருந்த சிறுவர் உளமருத்துவர் அவர்.

“மாமா, இதில எதைப் படிக்கிறது? தலைப்பே விளங்கேல்லை.”

“பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு கேள் பிள்ளை,” என்றேன். இப்படியான பட்டியல்களில் புதியது மேலே நிற்கும். வாசிக்கவேண்டியது கீழிருந்து. ஒருவர் முதலில் எதில் முட்டுப்பட்டார், அதன்பிறகு எந்தப் பக்கம் திரும்பினார் என்பது அப்போதுதான் தெரியும்.

2009ஆம் ஆண்டுக் கட்டுரையில் தொடங்கினோம். ‘எம்-சாட்’ என்பது 2001இல் அமெரிக்காவில் வெளியான கேள்வித்தாள். சின்னப் பிள்ளையிடம் ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பெற்றாரிடம் கேட்கும் 23 கேள்விகள். ஆம், இல்லை என்று பதில். அதை மொழிபெயர்த்து, இலங்கையின் அரைநகர்ப்புறம் ஒன்றில் 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளிடம் பார்த்தார்கள். நாலு பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இருந்தது.

“374ஐ நாலால் பிரிச்சுப் பார்.”

“தொண்ணூற்று மூண்டரை.” நிமிர்ந்து பார்த்தார். “அப்ப 93 பேரில ஒராளுக்கு எண்டு கருத்தரங்குகளில சொல்லுறது இதுதானோ?”

இதுதான். அந்த எண் நாலே நாலு பிள்ளைகளின் மேல் நிற்கிறது. இன்னொரு பிள்ளை கூடியிருந்தால் 75இல் ஒன்று. ஒன்று குறைந்திருந்தால் 125இல் ஒன்று. எண்ணில் பொய் இல்லை. ஆனால் யாழ் குடாநாட்டுக்கு எத்தனை சிகிச்சையாளர் வேண்டும் என்று கணக்குப் போட அதைத் தூக்கிக்கொண்டு போனால் தாங்காது.

அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது. கேள்வித்தாளின் கண்டுபிடிக்கும் திறன் 25 வீதம். அந்த நாலு பேரில் ஒருவரைத்தான் அது பிடித்தது, மூவர் அதன் கையில் அகப்படவில்லை. தான் பயன்படுத்திய கருவி சரிவரவில்லை என்று ஒருவர் எழுதி அச்சில் போட்டிருக்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

ஏன் தவறியது? நான் நினைக்கும் காரணம் ஒன்றைச் சொன்னேன். ‘பிள்ளை விரலால் சுட்டிக் காட்டுமா?’ என்று ஒரு தாயிடம் கேட்டால், “ஓம், காட்டுவான்தானே” என்பார். அலுமாரிக்கு மேலே பிஸ்கட் டின் இருக்கிறது. ஒரு பிள்ளை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், அந்தக் கையையே டின்னை நோக்கித் தள்ளுகிறது. முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு பிள்ளை முற்றத்தில் நின்று அம்புலியை விரலால் சுட்டி, ‘நீயும் பார்த்தியா’ என்பதுபோல் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ‘காட்டுறது’ என்ற ஒரே சொல். கேள்வித்தாள் தேடுவது இரண்டாவதை. தாய் பொய் சொல்லவில்லை, கேள்விதான் அவருக்குச் சரியாகப் போய்ச்சேரவில்லை.

அதன்பிறகு 2017ஆம் ஆண்டுத் தலைப்பு தானே விளங்குகிறது. அதில் கேள்விகளோடு படங்களும் வருகின்றன. சொல் தடுமாறும் இடத்தில் தாய் படத்தைப் பார்த்துச் சொல்லலாம். கிளினிக்குக்கு வந்த பிள்ளைகளிடம் சோதித்த கருவி அது. ஊர் ஊராகப் போய்ச் சோதிப்பது வேறு வேலை.

நடுவே 2016இல் வந்தது, தாய்மார் வீட்டிலேயே செய்யும் பயிற்சியைப் பற்றியது. பயிற்சி பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல என்பதால் அதன் பலனைச் சற்று நிதானமாகவே எடுக்கவேண்டும். என்றாலும் எங்களுக்கு அது நெருக்கமானது. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலையும் கோண்டாவில் சிவபூமி பாடசாலையும் பிள்ளை பள்ளிக்கூட வயதுக்கு வந்தபிறகு கைகொடுக்கும் இடங்கள். ஒன்றரை வயதில் பிள்ளையைப் பார்ப்பது தாயும் மிட்வைஃபும்தான்.

ரீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார். “என்ர வகுப்பில ஒருத்தன் இருக்கிறான் மாமா. தண்ணி வேணுமெண்டால் என்ர கையைப் பிடிச்சுப் போத்திலில வைப்பான்.”

“அதை மட்டும் வைச்சு முடிவு கட்டாதை. கூப்பிட்டால் திரும்புறானோ?”

“சிலநேரம்.”

“அப்ப முதல்ல காது சோதிக்கவேணும். தாயைக் கூப்பிட்டு ஆறுதலாக் கதை. ஆட்டிசம் எண்ட சொல்லை நீ எடுக்காதை; கண்டதை மட்டும் சொல்லு, அந்தப் போத்தில் கதையைச் சொல்லு.”

“அடுத்த கிளினிக் புதன்கிழமை,” என்றார். “நானும் தாயோட போறன்.”