ஐம்பதைத் தாண்டியவர்களே, இனி உங்கள் கதை!

"பிள்ளைகளைக் கரையேற்றியாகிவிட்டது, இனி நமக்கு என்ன இருக்கிறது?" ஐம்பது வயதைத் தாண்டிய தோட்டப்புற மக்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நெகிரி செம்பிலானில் லாபு, நீலாய், பகாவ், போர்ட்டிக்சன், தம்பின் வட்டாரங்களில் லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த பலர் இன்று தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்ப் பல இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. தோட்டம் மறைந்த பிறகும் அதன் பெயரைத் தாங்கி நிற்பவை சில தமிழ்ப்பள்ளிகள்தாம்.

இந்த வயதில் வரும் வெறுமை நோயல்ல. இத்தனை காலம் வேலைக்கும் குடும்பத்துக்கும் கொடுத்த நேரம் திடீரென்று கைக்குத் திரும்பி வருகிறது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் போவதுதான் சிக்கல். 50 வயதில் ஊழியர் சேமநிதியில் ஒரு பகுதியை எடுக்கலாம். 55 வயதில் முழுவதையும் எடுக்கலாம். அந்தப் பணம் பெரும்பாலும் வீட்டைப் பெரிதாக்கவும் கல்யாணச் செலவுக்கும் போய்விடுகிறது. அதில் ஒரு சிறு பங்கைத் தனக்கென்று ஒதுக்கி ஒரு பயணம் போய் வருவது ஆடம்பரமா? எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போனால் ஆடம்பரமல்ல.

தாத்தா, பாட்டி காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் 'ரஜூலா' கப்பலில் பல நாள் கடல் கடந்து வந்தார்கள். பின்னர் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985-ல் தீவிபத்துக்குள்ளானது. இன்று நீலாய்க்குப் பக்கத்திலுள்ள விமான நிலையத்தில் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் திருச்சி. 1969-ல் வேலை பெர்மிட் முறை வந்தபோது குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியா திரும்பினார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளைத் தேடிப் பார்ப்பதும் ஒரு சுற்றுலாதான். கோயில் குளம் பார்த்த கையோடு தாத்தா பிறந்த ஊரையும் விசாரித்து வரலாம்.

தூரப் பயணம் முடியாதவர்களுக்குக் கோலாலம்பூர் இருக்கிறது. 1995-ல் தொடங்கிய கொமுட்டர் ரயில் சேவை சிரம்பானையும் தலைநகரையும் இணைக்கிறது. பலர் கோலாலம்பூருக்குப் போவது பத்துமலைத் தைப்பூசத்துக்கும் தீபாவளித் துணி வாங்கவும்தான். ஒருநாள் தனியாகப் போய்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் படியேறிப் பாருங்கள். 1956-லிருந்து இந்திய ஆய்வியல் துறை இயங்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தை எட்டிப் பாருங்கள். வழி கேட்கத் தயங்கியவருக்கு, கேட்கத் துணிந்த அன்றைக்கே பாதி வயது குறைந்துவிடும்.

பார்த்தாகிவிட்டது. அடுத்து எழுத வேண்டும். ஏன்?

சயாம் மரண ரயிலை எண்ணிப் பாருங்கள். 1942-43-ல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது. நெகிரி செம்பிலான் உட்பட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள். அதே பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாக உள்ளன. உயிர் தப்பிய கைதிகளில் பலர் நாட்குறிப்பும் நினைவுக் குறிப்பும் எழுதினார்கள். அவற்றைக் கொண்டுதான் உலகம் அந்த வரலாற்றைப் படித்தது. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை. எழுதி வைத்தவர்களும் மிகக் குறைவு. துன்பம் இருவருக்கும் ஒன்றுதான். ஏடு மட்டும் ஒருவரிடம்தான் இருந்தது.

வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அ. ரெங்கசாமி, மரண ரயிலைக் களமாகக் கொண்ட 'நினைவுச்சின்னம்' நாவலை 2005-ல் வெளியிட்டபோது எழுபதைக் கடந்தவர். தம் வாழ்க்கையையும் 'சூதாட்டம் ஆடும் காலம்' என்ற நூலாக்கினார். பேராக்கில் வளர்ந்த முத்தம்மாள் பழனிசாமியும் ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே பெற்றோர் கடல் கடந்து வந்த கதையை எழுதினார். முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு 'நாடு விட்டு நாடு' என்று தமிழில் தந்தார்.

எப்படித் தொடங்குவது? பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். முதலில் லயத்தின் படத்தை வரையுங்கள்: எந்த வீட்டில் யார் இருந்தார்கள், குழாயடி எங்கே, கோயில் எங்கே. பிறகு ஒரு நாளை எழுதுங்கள்: விடியற்காலைப் பெரட்டு, பால்வெட்டு, காண்டாவில் பால் வாளி தூக்கிய தோள் வலி, சம்பள நாளில் கடைக்காரர் கணக்கு. ஆண்டு மறந்துவிட்டால் பிறப்புப் பத்திரத்தையும் பழைய அடையாள அட்டையையும் எடுத்துப் பாருங்கள். எழுத வராதவர்கள் பேசட்டும். பேரப்பிள்ளை கைத்தொலைபேசியில் பதிவு செய்யட்டும். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். மற்றவர் குடும்ப இரகசியம் என்றால் அவர்களைக் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஜப்பான் காலத்தில் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறுக்கு மேல். உங்கள் வீட்டிலோ பக்கத்துத் தாமானிலோ அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள். தோட்டத்தில் எத்தனை ஏக்கர், எவ்வளவு பால் என்பதைக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் எழுதியிருக்கும். அந்தப் பாலை வெட்டியவர் யார், அவர் எதற்காகச் சிரித்தார், எதற்காக அழுதார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.